சார் இருமினாருங்க

ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தறீங்களா? எனக்குத் தூசி ஆகாதுங்க, இருமல் புடிச்சுக்கும். ஆங், போதுங்க. அவ்வளவு இருந்தாப் போதும்.

நீங்க எதுவரைக்கும்? சங்ககிரியா? நான் சேலமுங்க. மடியில இருக்கறது மைசூர்பா. மணம் வருதுங்களா? கடையில நின்னு சூடா வாங்கினேன். வீட்டுல பெரியம்மா பையன் வீட்டு விசேஷம்னு சொல்லீட்டு வந்திருக்கேன். நிஜத்துல ஒரு அம்மாவைப் பாக்கப் போறேன். அட, அப்படிப் பாக்காதீங்க! எனக்கு அம்பத்தி நாலு வயசு. அவங்க என்னைவிட மூத்தவங்களாத்தான் இருப்பாங்க. ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பீருவேன்.

என் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில புரொடக்சன் மேனேஜர். கம்பெனி பேரு வேண்டாங்க, விடுங்க. தோட்டத்துக் கிணத்துல தண்ணி எறைக்கற மோட்டார் பம்பு செய்யறோம். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் லைன்ல நடந்து வந்தாப் போதுங்க, பேச்சு நின்னுரும். அதட்டவே வேண்டாம். அதெல்லாம் சம்பாதிச்சது.

எங்க பிளாண்ட் ஹெட், அதான் மொத்தத் தொழிற்சாலையும் பாத்துக்கறவரு, அவரு ரிட்டையர் ஆகப் போறாருன்னு ஆச்சு. அந்த நாற்காலி அடுத்து எனக்குத்தான்னு கேன்டீன்ல தட்டுக் கழுவற அம்மாவுக்குக் கூடத் தெரியும். வீட்டுல சொல்லி வெச்சாச்சு. சம்பந்தி வீட்டுல சொல்லியாச்சு. ரெண்டு வெள்ளைச் சட்டை தெக்கக் குடுத்தாச்சுங்க, அதுவும் உண்மைதான்.

அப்பப் பாத்து மொதலாளி ஒரு கோச்சைக் கூட்டீட்டு வந்தாரு. கோச்சுன்னதும் எங்க கேட்ல செக்யூரிட்டி கேக்கறான், "கபடிக்கா சார், வாலிபாலுக்கா?"ன்னு. வசுமதி மேடம். மெட்ராஸ்காரங்க. காட்டன் சேலை, வெள்ளை முடி, சாயம் கீயம் ஒண்ணுமில்ல. பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் அதிகாரிங்களுக்கு எப்படித் தலைமை தாங்கறதுன்னு சொல்லிக் குடுப்பாங்களாம். சொல்லிக் குடுப்பாங்கங்கறது பேருக்குத்தான். ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. கேப்பாங்க. கேட்டுட்டுச் சும்மா உக்காந்துக்குவாங்க.

சரி, எனக்குப் பதவி குடுக்கறதுக்கு முன்னால மெருகேத்தறாங்கன்னு சந்தோஷப்பட்டேன். பாத்தா, எனக்கு மட்டுமில்லையாம். ஜெசிந்தாவுக்கும் சேத்தியாம்.

ஜெசிந்தா யாருன்னு சொல்லலையே. எங்க குவாலிட்டி செக்சனைப் பாத்துக்கற புள்ள. கருமத்தம்பட்டி. செய்யற பம்பு சரியா இருக்கா இல்லையான்னு சோதிச்சு ஓகே சொல்றது அதோட வேலை. நல்ல புள்ளதாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா என் சர்வீசுல பாதி கூடக் கிடையாது. அதையும் என்னையும் ஒரே தட்டுல வெச்சா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. வயித்தெரிச்சல்னு நெனச்சுக்காதீங்க. நியாயம் கேக்கறேன்.

செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம வருவாங்க மேடம். மீட்டிங் ரூம்ல மொதல்ல நான், அப்பறம் அந்தப் புள்ள. அந்த ரூம் செவுரு பாதிக்கு மேல கண்ணாடி, வெளியிலிருந்து உள்ள தெரியும். எனக்கு எட்டிப் பாக்கற பழக்கமெல்லாம் இல்லீங்க. தண்ணி கேன் அந்தப் பக்கம் இருக்குது, நான் என்ன பண்ணட்டும்? செவ்வாய்க்கெழமயானா எனக்குத் தாகம் சாஸ்தி.

பாத்தேன். அந்தப் புள்ளகூட மேடம் சிரிச்சுப் பேசறாங்க. டீ உள்ள போகுது. எங்கூட இருக்கறப்ப, "டீ சொல்லட்டுங்களா மேடம்?"னா "அப்பறம் பாக்கலாம் சார்"னு சொல்லீருவாங்க. அந்த அப்பறம் ஜெசிந்தா வர்ற நேரம் போலிருக்கு. கேன்டீன்ல விசாரிச்சேன். ரெண்டு டீ, ஒரு நாள் பஜ்ஜி கூட! இன்னொண்ணு கேளுங்க. அந்தப் புள்ளகூடப் பேசறப்ப கைக்கடியாரத்தைக் கழட்டி மேஜை மேல கவுத்து வெச்சிருந்தாங்க. எங்கூடப் பேசறப்ப அது கையிலயே இருந்துச்சு. சின்ன விஷயமா இது? நைட்டு சோறு எறங்கலைங்க எனக்கு.

ஒரு நாள் அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருந்துச்சு. மேடம் டிஷ்யூவை நகத்தி வெச்சாங்க. அழுதது கூட எனக்குப் பொறுக்கல, பாத்துக்குங்க. என்னைப் பத்தித்தான் ஏதோ பத்த வெக்கறான்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வாயை விட்டுக் கேட்டே போட்டேன். "ஏம்மா, உள்ள என்னம்மா பேசிக்கறீங்க?"

அது சிரிச்சுது. "எனக்கும் அதேதான் சார். கேள்வியாக் கேக்கறாங்க."

"என்னைப் பத்தி ஏதாச்சும்?"

"இல்லியே சார். உங்க பேரே வரல."

என் பேரே வரலையாம்! அத்தனை நேரம் உள்ள உக்காந்து பேசறாங்க, அழுகுது, சிரிக்குது, பஜ்ஜி திங்குது, அந்தத் தொழிற்சாலையையே தூக்கி நிறுத்தின என் பேரு ஒருக்கா கூட வரலீன்னா அது எப்படிங்க? பொய்தான் சொல்லியிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

எங்கிட்ட மேடம் என்ன கேட்டாங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் நான்தான் பேசினேன். ஆரம்பத்துல இருந்து சொல்லணுமில்லைங்களா, நான் வந்தப்ப ஷெட்டு எப்படி இருந்துச்சு, யாரு யாரு ஓடிப்போனாங்க, ஸ்ட்ரைக் வந்தப்ப நான் என்ன பண்ணினேன், எல்லாம் சொன்னேன். நடுவுல ஒரு நாள் கேட்டாங்க, "சென்னியப்பன் சார், உங்ககிட்ட யாராவது 'இல்ல சார், அது தப்பு'ன்னு கடைசியா எப்பச் சொன்னாங்க?"

எனக்கு ஒரே பெருமை. நெஞ்சை நிமித்திச் சொன்னேன், "ஒருத்தர் கூட இல்லீங்க மேடம். இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட!"

பாராட்டுவாங்கன்னு பாத்தா, பேசாம உக்காந்திருந்தாங்க. நானும் உக்காந்திருந்தேன். அன்னிக்காச்சும் டீ சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லல.

அதுக்கப்பறந்தான் அந்த ஓரவஞ்சனையைப் பண்ணினாங்க. எங்க ஷாப்புல காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால லைன் முனையில எல்லாரும் நின்னுக்கிட்டே ஒரு கூட்டம் போடுவோம். கையில டீ கிளாசு. இன்னிக்கு எத்தனை பம்பு, எந்த லோடு, யாரு லீவு, அதெல்லாம். எப்பவும் நான்தான் ஆரம்பிப்பேன், நான்தான் முடிப்பேன். நடுவுல "சரிங்க சார்"னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சுருக்கமா முடிஞ்சுரும். மேடம் சொன்னாங்க, "இனிமே நீங்க கடைசியாப் பேசிப் பாருங்க சார். எல்லாரும் பேசி முடிச்சப்பறம்." அந்தப் புள்ளகிட்ட என்ன சொன்னாங்க தெரியுங்களா? "ஜெசிந்தா, நீங்க மொதல்ல பேசுங்க."

என்னைக் கடைசியாம், அவளை மொதலாம். இது ஓரவஞ்சனை இல்லாம என்னங்க? பந்தியில கடைசியா உக்காத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஆனா நான் ஒழுங்கா செஞ்சேங்க. அதுல என்னைக் குத்தம் சொல்ல முடியாது. மேடத்துக்கு நல்ல மாணவன் யாருன்னு காட்டணுமில்ல? ஒரு வார்த்தை பேச மாட்டேன். கிளாசைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பேன். மொத நாள் எல்லாரும் முழிச்சாங்க, பாவம். என் மூஞ்சியையே பாத்தாங்க. அப்பறம் தானாப் பழகீருச்சு. எனக்கு ஒத்துக்காததை யாராச்சும் சொன்னா லேசா ஒரு இருமல், அவ்வளவுதான், அந்தாளு அப்படியே பேச்சைத் திருப்பீருவான். தொண்டையைச் செருமினா மேல சொல்லுன்னு அர்த்தம். நானா வெச்சதில்லீங்க இது, அவங்களாப் புரிஞ்சுக்கிட்டாங்க. பேசாமலே வேலை நடந்துச்சு! கடைசியில நான், "எல்லாரும் சொல்றபடியே செய்யுங்க"ன்னு முடிச்சிருவேன். மேடம் சொல்லிக் குடுத்ததுக்கு மேலயே நான் போயிட்டேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

ஒரு நாள் மேடம் வந்து கூட்டத்துல ஓரமா நின்னு பாத்தாங்க. முடிஞ்சதும் கிட்ட வந்து கேட்டாங்க, "சார், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? இருமிக்கிட்டே இருந்தீங்களே."

பாருங்க! ஜெசிந்தாகிட்ட இப்படிக் கேட்டிருப்பாங்களா? வீட்டுக்குப் போனதும் சம்சாரத்துகிட்டச் சொன்னேன், மேடம் என் உடம்பைப் பத்தி விசாரிச்சாங்கன்னு. நாற்காலி நமக்குத்தான்டின்னு சொன்னேன்.

அவிநாசி தாண்டீட்டமா? சரி சரி. கதைக்கு வர்றேன்.

போன மார்கழி. குளிரு நெம்ப. எனக்கு நிஜமாவே சளி புடிச்சுக்கிச்சு. காய்ச்சல் வேற. லீவு போட்டிருக்கலாம். போட்டா அந்தப் புள்ள கூட்டத்தை நடத்தும், அன்னிக்குன்னு பாத்து மொதலாளி வந்தாருன்னா? அதான் மப்ளரைச் சுத்திக்கிட்டுப் போயிட்டேன். வெளிய ஆந்திராவுக்குப் போற லோடு லாரியில ஏத்தத் தயாரா நிக்குது.

ஜெசிந்தா மொதல்ல பேசுச்சு. "இந்த லாட்டை அனுப்ப வேண்டாம். இதுல போட்டிருக்கற சீல் சரியில்ல, சுடுதண்ணியில போட்டுப் பாத்தா இளகுது. பிரிச்சு மாத்தித்தான் அனுப்பணும்." சீலுன்னா, மோட்டாருக்குள்ள தண்ணி போகாம தடுக்கற வளையமுங்க. அது விட்டுப்போச்சுன்னா மோட்டார் எரிஞ்சுரும்.

லைன் சூப்பர்வைசர் குப்புராஜ், "ஆமாங்க, நானும் ரெண்டு மூணு பாத்தேன், பிசுபிசுன்னு இருக்குது"ன்னு ஆரம்பிச்சான்.

அப்ப எனக்கு இருமல் வந்துருச்சு.

நிஜமான இருமலுங்க! சளி! நெஞ்சுக்குள்ள இருந்து வருது, நான் அடக்கறேன், அடங்க மாட்டேங்குது. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நிமிந்து பாக்கறேன், எல்லாரும் கம்முன்னு ஆயிட்டாங்க. குப்புராஜ் சொல்றான், "ஆனா ஒண்ணு ரெண்டுதாங்க அப்படி. மத்ததெல்லாம் கும்முனு இருக்குது." இன்னொருத்தன், "லாரி நிக்குதுங்க, வாடகை ஏறுது." பேக்கிங்காரன், "பொங்கலுக்கு முன்னால போய்ச் சேரணும்." வரிசையா எல்லாரும் அனுப்பீரலாம், அனுப்பீரலாம்னு. நான் சொல்லலீங்க. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வரல.

கடைசியா என் முறை. மேடம் என்ன சொல்லிக் குடுத்திருக்காங்க? மத்தவங்க பேசறதைக் கேக்கணும். கேட்டேன். "எல்லாரும் சொல்றபடியே செய்யுங்க"ன்னேன்.

அந்தப் புள்ள என்னையே பாத்துச்சு. "சார், நீங்க நிஜமாவே அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

நான் அப்ப நெனச்சது மருந்து பாட்டிலைக் காருக்குள்ள வெச்சனா வீட்டுல வெச்சனான்னுதான். "ஆமாம்மா"ன்னேன். அது லோடு அனுப்பற பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லீருச்சு. நான் போட்டேன். அத்தனை பேரும் ஒரே மனசாச் சொல்றப்ப ஒருத்தி மட்டும் குறுக்க நின்னா? உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. மொதல்ல பேசுன்னு தூக்கி வெச்சாங்களே, இப்பத் தனியா நிக்குது பாருன்னு.

மாசம் முடியறதுக்குள்ள லோடு திரும்பி வந்துருச்சுங்க. பயிரு காயற நேரத்துல மோட்டாரு எரிஞ்சா ஆரு சும்மா விடுவாங்க? டீலரு போன்ல பேசுன பேச்சு காது குடுத்துக் கேக்க முடியல.

மொதலாளி எல்லாரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாரு. அன்னிக்குச் செவ்வாய்க்கெழம. மேடமும் உக்காந்திருக்காங்க. அதுதான் என் கெட்ட நேரம்.

மொதலாளி கேட்டாரு, "சீல் சரியில்லன்னு தெரிஞ்சும் ஏன்டா அனுப்பினீங்க? குப்புராஜு, நீதான கண்ணுல பாத்தவன். நீ ஏன் அனுப்பலாம்னு சொன்னே?"

குப்புராஜ் என்னைப் பாத்தான். தரையைப் பாத்தான். "சார் இருமினாருங்க"ன்னான்.

"என்னது?"

"சார் இருமினாருங்க மொதலாளி. அதனால... லோடை நிறுத்த வேண்டாங்கறாருன்னு நெனச்சுக்கிட்டோமுங்க."

ஒருத்தரும் சிரிக்கலீங்க. சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்ல. மத்தவங்கெல்லாம், பேக்கிங்காரன் உட்பட, ஆமா ஆமான்னு தலையாட்டறாங்க. இருமினாரு, ஆமா, நல்லா இருமினாருன்னு. மொதலாளி என்னைப் பாக்கறாரு. "மொதலாளி, அது சளிங்க!"ன்னு கத்தீட்டேன். மேடத்தைப் பாத்தேன். அவங்களுக்குத்தான் தெரியுமே, அவங்களே என் உடம்பைப் பத்திக் கேட்டவங்களாச்சே. "மேடம், நீங்க சொல்லுங்க மேடம்!"

அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே. கோவமில்ல. கோவப்பட்டிருந்தா நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

யாரு பேசினாங்க தெரியுங்களா எனக்காக? ஜெசிந்தா. "சாருக்கு அன்னிக்கு நெஜமாவே காய்ச்சலுங்க. தப்பு சார் மேல மட்டுமில்ல. நானே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்"னு. பத்திக்கிச்சுங்க எனக்கு! எனக்குச் சிபாரிசு பண்ண இவ யாருங்க? கீழ விழுந்தவனைக் கை குடுத்துத் தூக்கற மாதிரி மேடம் முன்னாடி நல்ல பேரு வாங்கறா. பேசாம என்னைத் திட்டியிருந்தா நிம்மதியா வெறுத்திருப்பேன்.

அப்பறம் என்ன? அந்த நாற்காலி அந்தப் புள்ளைக்குப் போச்சு. மொதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சென்னியப்பா, உன் இடத்துல நீ அப்படியே இரு"ன்னு சொன்னாரு. அப்படியே இருக்கேன். வெள்ளைச் சட்டை ரெண்டும் பீரோவுல இருக்குது. சரி, பொறாமைன்னே வெச்சுக்குங்க. ஆமாங்க, பொறாமைதான். நாற்காலி போனது கூடப் பெருசில்லீங்க. நாற்காலி மரம்தான். ஆனா...

எப்படிச் சொல்றது.

கூட்டம் இப்பவும் நடக்குதுங்க. ஜெசிந்தாதான் இப்பக் கடைசியாப் பேசுது. மொதல்ல ஆரு வேணாப் பேசலாம். அன்னிக்கொரு நாள் நான் யோசனை சொல்லீட்டு, என்னையறியாம அந்தப் புள்ள மூஞ்சியைப் பாக்கறேன். சரியா தப்பான்னு ஏதாச்சும் தெரியுதான்னு. ஒண்ணும் தெரியல. கல்லாட்டம் இல்ல, நல்லாக் கேட்டுக்கிட்டுத்தான் நிக்குது. ஆனா அதுல ஒண்ணும் எழுதியிருக்கல. அப்படி ஒரு மூஞ்சியை எப்படி வெச்சுக்கறதுன்னு அந்தம்மா எனக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?

போன வாரம் குப்புராஜ் பேசிக்கிட்டு இருந்தான். லைனை மாத்திப் போடணும்னு, கிறுக்குத்தனமா என்னமோ. நான் இருமினேன். சளி இல்லீங்க. பழைய இருமல். ஒருத்தன் திரும்பிப் பாக்கணுமே? குப்புராஜ் பேச்சை நிறுத்தவே இல்ல. பேசிக்கிட்டே, ஃபிளாஸ்க்கைத் தொறந்து ஒரு டம்ளர் வெந்நி ஊத்தி, "குடிங்க சார்"னு எங்கையில குடுத்துட்டு, விட்ட இடத்துல இருந்து பேசறான். அன்புலதாங்க குடுத்தான். அதுதான் தாங்கல எனக்கு.

மேடம் இப்பச் சேலத்துல ஒரு மில்லுக்கு வர்றாங்களாம். அங்க எவன் கூட உக்காந்து டீ குடிக்கறாங்களோ. போய், இந்த மைசூர்பாவைக் குடுத்துட்டுக் கேக்கப் போறேன். எங்க ரெண்டு பேர்ல உங்களுக்கு ஆரைப் புடிச்சுது மேடம்? அவ்வளவுதான் கேள்வி. வாட்சைக் கழட்டி வெச்சுட்டுச் சொல்லணும். கழட்டாம சொன்னா நம்ப மாட்டேன்.

என்னங்க? கேக்க வேண்டாங்கறீங்களா? ஏன்? அந்தம்மா எனக்கும்... என்னங்க சொல்ல வர்றீங்க? அந்தப் புள்ளைக்கு மாதிரியே எனக்கும் சொல்லித்தான் குடுத்தாங்க, நான்தான்...

லொக். லொக்.

அட, தண்ணி பாட்டிலை எதுக்குங்க எடுக்கறீங்க? இல்லீங்க, எனக்குத் தாகமெல்லாம் இல்ல. இது சும்மா...

சரி. குடுங்க.

ம். குடிச்சுட்டேன். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க.